செவிலியர் கல்வியும் நம் பெண்மக்களும்

 

நம் சங்கத்தின் வெள்ளி விழாவில் செவிலியர் கல்வி பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். நான் மருத்துவன் அல்லன், பள்ளி ஆசிரியன். எனினும், பத்தாம் வகுப்பு முடித்த பெண்ணை அடுத்து எங்கே சேர்ப்பது என்று கேட்டு ஆண்டுதோறும் வரும் பெற்றோருக்கு விடை கூறும் கடமை எனக்கு உண்டு. அந்தக் கடமையை முன்னிட்டே பேசுகின்றேன்.

பேறு பார்த்தல் நம் பெண்களுக்குப் புதிய தொழில் அன்று. தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் பலவற்றில் நாவிதர் குலத்து மருத்துவச்சியரும் நம் சேரிப் பெண்களுமே பிள்ளைப்பேற்றுக்கு அழைக்கப்பட்டனர். தொப்புள்கொடி அறுப்பதும் நஞ்சுக்கொடியைப் புதைப்பதும் தீட்டு எனக் கருதப்பட்டதால் அவை நம்மவர் தலையில் சுமத்தப்பட்டன. கொல்லைப்புற வழியே அழைத்து, வேலை முடிந்தபின் அவ்வழியே அனுப்பினர். கூலி, ஒரு வள்ளம் கேழ்வரகும் ஒரு பழம்புடவையும். பிள்ளையை முதலில் ஏந்திய பெண், பெயர்சூட்டு நாளில் வாசலுக்கு வெளியே நின்றாள்.

அப்பெண்களின் பட்டறிவை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் பட்டறிவு மட்டும் உயிரைக் காத்துவிடாது. ஐரோப்பாவில் வியன்னா நகர மருத்துவமனையில் நிகழ்ந்தது இதற்குச் சான்று. அங்கே மகப்பேற்றுப் பிரிவுகள் இரண்டு இருந்தன. ஒன்றில் மருத்துவ மாணவரும் மற்றொன்றில் மருத்துவச்சிப் பயிற்சி பெறுவோரும் பணியாற்றினர். 1846ஆம் ஆண்டில் மருத்துவ மாணவர் பிரிவில் நூற்றுக்கு ஏறத்தாழ 11 தாய்மார் இறந்தனர். மருத்துவச்சியர் பிரிவில் ஏறத்தாழ 3 பேரே இறந்தனர். பிணம் அறுத்த கையோடு மாணவர்கள் தாய்மாரைத் தொட்டதே காரணம் என்று செம்மல்வைஸ் என்னும் மருத்துவர் கண்டார். 1847இல் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவுமாறு ஆணையிட்டார். சாவு பெரிதும் குறைந்தது. தாயைக் காப்பது பட்டமோ குலமோ அன்று, முறையாகக் கற்று வழுவாமல் கடைப்பிடிக்கும் செயலே என்பது இதனால் விளங்கும்.

நம் நாட்டில் சென்னை மகப்பேறு மருத்துவமனை 1844இல் தோன்றியது. மருத்துவச்சியருக்கான பயிற்சி 1854இல் அங்குத் தொடங்கியது. தொடக்கக் காலத்தில் இத்தொழிலுக்கு வந்தவருள் ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியரும் கிறித்தவப் பெண்களுமே மிகுதி. நோயாளியின் உடலைத் தொடுவது இழிவு என்று மேற்குலத்தார் ஒதுங்கினர். மிஷன் மருத்துவமனைகளின் வழியே கிறித்தவம் தழுவிய ஒடுக்கப்பட்ட குடும்பத்துப் பெண்கள் பலர் செவிலியராயினர். 1926ஆம் ஆண்டின் சென்னைச் செவிலியர் மற்றும் மருத்துவச்சியர் சட்டமும், 1947ஆம் ஆண்டின் இந்தியச் செவிலியர் மன்றச் சட்டமும் இத்தொழிலுக்கு வரையறையும் பதிவேடும் அளித்தன. பதிவேட்டில் பெயர் ஏறிய பெண்ணின் தொழில் சட்டம் ஏற்ற தொழில் ஆயிற்று. வள்ளம் கேழ்வரகுக்கும் மாதச் சம்பளத்துக்கும் இடையே உள்ள தொலைவு இதுதான்.

"நம் பிள்ளைகளால் இதைக் கற்க இயலுமா?" என்று ஐயுறுவோர்க்கு ஒரு சான்று கூறுவேன். அரூருக்கு அடுத்து, சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் இடையில் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு உள்ளது. மருத்துவர்களான ரெஜி ஜார்ஜ், லலிதா இணையர் 1993இல் அங்கே ஒரு குடிசையில் மருத்துவப் பணியைத் தொடங்கினர். அந்நாளில் அங்குப் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ 150 ஓராண்டு நிறையுமுன் இறந்தன. வெளியூரிலிருந்து செவிலியரை எதிர்பார்த்துக் காத்திராமல், மலைவாழ் பெண்களையே அவர்கள் பயிற்றுவித்தனர். கல்லூரி கண்டறியாத அப்பெண்கள் பேறு பார்க்கவும் நோயாளியைப் பேணவும் கற்றனர். சிற்றூர்தோறும் நலப் பணியாளராக அமர்ந்த தாய்மார், கருவுற்ற பெண்களை வீடு தேடிச் சென்று கண்டனர். பின்னாளில் அச்சாவு ஆயிரத்துக்கு 20 என்னும் அளவுக்குக் குறைந்தது. மலைமகளிர்க்கு இயன்றது நம் மகளிர்க்கு இயலாதா?

இனி இளைஞர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். துணைச் செவிலியர் படிப்பு இரண்டு ஆண்டு; பட்டயப் படிப்பு மூன்று ஆண்டு; பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டு. பட்டப்படிப்புக்கு மேல்நிலை வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் பயின்றிருத்தல் வேண்டும். ஆதலால் பதினோராம் வகுப்பில் பிரிவு தேர்ந்தெடுக்கும் நாளே முடிவு செய்யும் நாள். "அறிவியல் உங்களுக்கு வராது" என்று யாரேனும் சொன்னால் அதைக் கேட்டுத் திரும்பிவிடாதீர்கள். ஆண்பிள்ளைகளும் இப்படிப்பில் சேரலாம்.

அங்குக் கற்பிக்கப்படுவது வெறும் ஊசி போடுதல் அன்று. பேற்றுவலியின் போக்கை வரைபடத்தில் குறித்து, ஆபத்தை முன்னறியவும், பேற்றுக்குப் பின் குருதி பெருகினால் அதனை நிறுத்தவும், பிறந்த முதல் நிமிடத்திலும் ஐந்தாம் நிமிடத்திலும் சிசுவின் மூச்சு, நாடி, நிறம், தசை, துலங்கல் ஆகியவற்றை மதிப்பிடவும் கற்பர். 2018-20 கணக்கின்படி இலட்சம் பேறுகளுக்குத் தாய்மார் சாவு இந்தியாவில் 97, தமிழ்நாட்டில் 54. இவ்வேறுபாட்டில் நம் மாநிலத்துச் செவிலியரின் உழைப்புக்குப் பெரும்பங்கு உண்டு.

ஓர் எச்சரிக்கையும் தேவை. என் மாணவி ஒருத்தி, "நர்சிங்" என்று பலகை மாட்டிய ஒரு நிறுவனத்தில் சேர்ந்தாள். தாயின் தாலிக்கொடி அடகுக்கடைக்குப் போனது. படிப்பு முடிந்து பதிவு செய்யச் சென்றபோது அந்தச் சான்றிதழ் செல்லாது என்றார்கள். இரண்டு ஆண்டும் நகையும் போயின. ஆகவே சேருமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இந்தியச் செவிலியர் மன்றமும் தமிழ்நாடு செவிலியர் மன்றமும் ஏற்றதா? பட்டப்படிப்பாயின் 1988 முதல் இயங்கிவரும் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துடன் இணைந்ததா? பயிற்சிக்கு மருத்துவமனை உண்டா? மூன்றுக்கும் எழுத்தில் விடை கிடைக்காவிடில் பணம் கட்டாதீர்கள்.

ஆதிதிராவிடர்க்கு இடஒதுக்கீடு 18 விழுக்காடு. அதனுள் 2009 முதல் 3 விழுக்காடு அருந்ததியர்க்கு உண்டு. மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையும், அரசுப் பள்ளியில் பயின்ற பெண்களுக்கென 2022இல் தொடங்கப்பெற்ற புதுமைப்பெண் திட்டமும் உள்ளன. இவை கேட்போர்க்கே கிடைக்கும். சாதிச் சான்றும் வருமானச் சான்றும் தேர்வு முடிவு வருமுன்னரே கையில் இருத்தல் வேண்டும்.

சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும் நம் படித்த இளைஞர் இருவர் வீடுவீடாகச் சென்று பெற்றோரைக் காண வேண்டும். பணியில் உள்ள நம் செவிலியர் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். என் சொல்லைவிட அவரது வெள்ளுடை தாய்மார்க்கு விளங்கப் பேசும்.

மருத்துவமனையைப் பெருக்கித் துடைக்க ஆள் வேண்டும்போது நம் தெருவைத் தேடி வருகிறார்கள். அவ்வேலையை நான் இழிவு என்று கூறேன். ஆனால் அது ஒன்றே நமக்கு என்பதை ஏலேன். சமவெளியில் 5,000 பேருக்கும் மலைப்பகுதியில் 3,000 பேருக்கும் ஒரு துணைச் சுகாதார நிலையம் என்பது அரசின் அளவுகோல். அங்கே அமரும் கிராமச் சுகாதாரச் செவிலியர் எல்லாத் தெருக்களுக்கும், எல்லா வீடுகளுக்கும் முன்வாசல் வழியாகவே செல்கிறார். நம் பாட்டிமார் கொல்லைப்புறம் வழியே சென்ற வீடுகள் அவை. அவ்வாசல்களில் நம் பேத்திமார் பதிவேட்டுடன் நிற்கும் நாளை இச்சங்கம் விரைவுபடுத்த வேண்டும்.