மன்னிக்க நாம யாரு?

நடுவர் அவர்களே, ஷிப்ட் முடிஞ்சு வீட்டுக்குக்கூடப் போகாம இந்தத் திருப்பூர் அரங்கத்துக்கு வந்திருக்கிற தாய்மார்களே, வணக்கம்.

எதிரணி நண்பர் மென்மையாப் பேசினார். "உயிருக்குப் பயந்து ஒரு பொண்ணு தாக்க வந்தவனைக் கொன்னுட்டாலும் ஊர் அவளை மன்னிச்சிடுது" என்றார். ஏனுங்க, தப்பு செஞ்சவங்களைத்தானே மன்னிக்கணும்? அவ என்ன தப்பு செஞ்சா? (கைதட்டல்)

2012, மதுரை. பெற்ற மகளுக்கே ஆபத்தாக வந்து நின்ற கணவனை ஒரு தாய் கிரிக்கெட் மட்டையால் அடித்தார். அவன் இறந்தான். அன்றைய காவல் கண்காணிப்பாளர் அஸ்ரா கர்க், இந்திய தண்டனைச் சட்டம் 100-ஆவது பிரிவைக் காட்டி, அந்தத் தாயைச் சிறைக்கு அனுப்பாமல் விடுவித்தார்.

இப்படிச் செய்தி வந்தா டீக்கடை பெஞ்சிலே என்ன பேசுவோம்? "அதிகாரி நல்ல மனுஷன், போனாப் போகுதுன்னு விட்டுட்டார்!" கருணை இல்லீங்க அது, சட்டம். 1860-லே எழுதினது. தற்காப்புக்காகச் செய்யறது குற்றமே ஆகாதுன்னு 96-ஆவது பிரிவு சொல்லுச்சு. உயிர் போகும்கிற பயம், கொடுங்காயம், பலாத்காரம், கடத்தல்னு வந்தா எதிராளியின் உயிரே போனாலும் உரிமை உண்டுன்னு 100-ஆவது பிரிவு. 2013-லே ஆசிட் வீச்சையும் சேர்த்தாங்க. 2024 ஜூலையிலே பாரதிய நியாய சன்ஹிதா வந்து நம்பர்தான் 34, 38-னு மாறிச்சு. உரிமை மாறலை.

அப்போ யாரு வேணா யாரையும் வெட்டலாமா? கூடாது. தேவைக்கு மேலே தீங்கு செய்யக் கூடாது. திரும்பி ஓடுறவனைத் துரத்திப் போய் அடிச்சா அது தற்காப்பில்லே. ஆனா உயிர் பதறுற நேரத்திலே அடியைக் கணக்குப் போட்டு அளந்து அடிக்க முடியாதுன்னு உச்ச நீதிமன்றம் 2010-லே தர்ஷன் சிங் வழக்கிலே ஒத்துக்கிட்டது.

நாமதான் ஒத்துக்க மாட்டோம்! பாமா அம்பு விட்டா அது நரகாசுர வதம். போனஸ் வாங்கி, புதுத்துணி எடுத்து, பட்டாசு வெடிக்கிறோம். (சிரிப்பு) பக்கத்து வீட்டுப் பொண்ணு அரிவாள்மனையைத் தூக்கினா மட்டும் கொலைகாரி. சில பேர் "காளியா மாறிட்டா"ன்னு புகழ்வாங்க. எனக்கு அதுவும் பிடிக்கலை. காளிக்குக் கும்பிடு போடுவீங்க. பக்கத்து ஓவர்லாக் மெஷின்லே உட்கார வைப்பீங்களா? அவ மகளைப் பொண்ணு கேட்டுப் போவீங்களா?

இன்னொண்ணு, "அந்த நேரத்திலே அவளுக்கு அங்கே என்ன வேலை?" திருப்பூர்லே கேட்கிற கேள்வியா இது? நைட் ஷிப்ட் வேலைதாங்க! (பலத்த கைதட்டல்) அடிக்க வந்தவனுக்கு அங்கே என்ன வேலைன்னு யாராவது கேட்டோமா?

நடுவர் மணியிலே கை வச்சுட்டார். அடுத்துப் பேச வர்ற சகோதரி எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லட்டும். நீங்க மன்னிச்சதாச் சொல்றீங்களே, அந்த மதுரைத் தாய் யார்கிட்டே மன்னிப்புக் கேட்டாங்க?