முடக்குவாதம்: மருந்தும் உணவும் வாழ்முறையும்

(நமது பள்ளிவாசல் மத்ரஸா மண்டபத்தில் நடைபெற்ற மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில் மூட்டுநோய் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மூட்டுவலியைப் பற்றிப் பேசுமாறு நிர்வாகிகள் பணித்தார்கள். மூட்டுவலி என்பது ஒரு நோயின் பெயரன்று. பல்வேறு நோய்களின் அறிகுறி. அவை அனைத்தையும் ஒரு மணி நேரத்தில் பேசி முடிக்க இயலாது. ஆகவே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஆண்களைவிடப் பெண்களை இரண்டு மூன்று மடங்கு மிகுதியாகத் தாக்குவதும், தொடக்கத்திலேயே கண்டறிந்தால் பெரும்பாலும் கட்டுக்குள் வைக்கத்தக்கதும், காலங்கடத்தினால் விரல்களைக் கோணலாக்கி விடுவதுமான நோய் அது. ஆங்கில மருத்துவத்தில் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்றும், தமிழில் முடக்குவாதம் என்றும் வழங்குகிறோம். முதியவர்கள் சரவாங்கி என்றும் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

வயதானால் முழங்கால் தேய்வது வேறு, இது வேறு. தேய்மானத்தில் நடந்தால் வலிக்கும், உட்கார்ந்தால் குறையும். முடக்குவாதத்தில் ஓய்வுக்குப் பின்னரே இறுக்கம் மிகும். பஜ்ருக்கு எழும்போது விரல்களை மடக்க முடியாது. சட்டைப் பொத்தானைப் போட முடியாது. அந்த இறுக்கம் அரைமணி, ஒரு மணி நேரம் கடந்தும் நீடிக்கும். விரல் அடிமூட்டுகளும் நடுமூட்டுகளும் மணிக்கட்டும் இரு கைகளிலும் ஒருசேர வீங்கும். உடல் அசதி, பசியின்மை, இரத்தசோகை ஆகியனவும் கூடவே வரும். முப்பது, நாற்பது வயதுத் தாய்மார்களுக்கு இவ்வாறு ஆறு வாரங்களுக்கு மேல் வீக்கம் நீடித்தால், குளிர்ந்த நீரில் துணி துவைத்ததால் வந்தது என்று தள்ளிவிடக் கூடாது. நம் ஊர்ப் பகுதிகளில் 2006-ஆம் ஆண்டு சிக்குன்குன்யா பரவியது முதல், எந்த மூட்டு வீக்கத்தையும் அக்காய்ச்சலின் மிச்சம் என்று எண்ணிக் காத்திருக்கும் பழக்கமும் ஏற்பட்டுவிட்டது. அக்காய்ச்சலுக்குப் பின் மாதக்கணக்கில் வலி நீடிப்பது உண்மைதான். ஆனால் எது எந்த நோய் என்பதை மருத்துவர் கையைத் தொட்டுப் பார்த்துச் சொல்லட்டும்.

இரத்தப் பரிசோதனையைப் பற்றி ஒரு சொல். ஆர்.ஏ. ஃபேக்டர் இல்லை என்று சீட்டு வந்தால் நோய் இல்லை என்று பொருளன்று. இருக்கிறது என்று வந்தாலும் நோய் உண்டு என்று முடிவன்று. நோயில்லாதவர் சிலருக்கும் அது காணப்படும். ஆன்ட்டி சி.சி.பி. என்னும் சோதனை அதைவிடத் தெளிவானது. ஆனால் சீட்டைப் பார்த்து மட்டும் வைத்தியம் செய்வதில்லை.

உடலைக் காக்கப் படைக்கப்பட்ட எதிர்ப்பாற்றல், தன் உடலின் மூட்டு உறையையே பகையென்று எண்ணித் தாக்குவதுதான் இந்நோய். அதனால் உறை வீங்குகிறது. வீங்கிய உறை குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிறது. இந்த அரிப்பு பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. அரித்துப்போன எலும்பு மீண்டும் பழைய வடிவத்தை அடைவதில்லை. ஆகவே, முதல் சில மாதங்களே சிகிச்சைக்கு உகந்த காலம் என்று நாங்கள் வலியுறுத்துகிறோம். வலி மாத்திரை வலியைக் குறைக்கும், அரிப்பை நிறுத்தாது. நீண்ட நாள் உண்டால் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

அரிப்பை நிறுத்தும் மருந்துகளில் முதன்மையானது மெத்தோட்ரெக்சேட். குறைந்த அளவில் மூட்டுநோய்க்குப் பயன்படுத்த 1988-ஆம் ஆண்டு அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது; இன்றும் அதுவே முதல் மருந்தாக இருக்கிறது. விலையும் மலிவு. வாரத்திற்கு ஒருமுறை மட்டுமே உண்ண வேண்டும். இதைத் திரும்பச் சொல்கிறேன்: வாரத்திற்கு ஒருமுறை. நாள்தோறும் உண்டால் வாய் முழுவதும் புண்ணாகி, இரத்த அணுக்கள் குறைந்து, உயிருக்கே ஆபத்தாகும். என்னிடம் சிகிச்சை பெற்ற ஒரு சகோதரிக்கு மருந்துக்கடையில் மற்ற மாத்திரைகளோடு இதையும் சேர்த்துத் தினமும் ஒன்று என்று சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். ஒன்பதாம் நாள் தண்ணீரும் விழுங்க முடியாமல் வந்தார். இறைவன் அருளால் பிழைத்துக்கொண்டார். வாரத்தில் ஒரு கிழமையைத் தேர்ந்தெடுத்து, அதன் பெயரை மாத்திரை அட்டையிலேயே தமிழில் எழுதி வையுங்கள். வெள்ளிக்கிழமை என்றால் மறக்கமாட்டீர்கள். மருத்துவர் குறித்துத் தரும் வேறு நாளில் ஃபோலிக் அமில மாத்திரையையும் உண்ண வேண்டும். குமட்டலும் வாய்ப்புண்ணும் குறையும்.

இம்மருந்து வேலை செய்ய ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகும். மூன்றாம் வாரத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று நிறுத்துவோரே மிகுதி. இடைக்காலத்திற்குச் சிறிதளவு ஸ்டீராய்டு கொடுத்துப் படிப்படியாகக் குறைப்போம். இரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றின் பரிசோதனையைக் குறித்த நாளில் செய்தே ஆக வேண்டும். காய்ச்சலுக்கோ நீர்க்கடுப்புக்கோ வேறு மருத்துவரிடம் சென்றால், மெத்தோட்ரெக்சேட் உண்கிறேன் என்று முதலில் சொல்லுங்கள். கோட்ரிமாக்ஸசோல் என்னும் சல்ஃபா மாத்திரை இதனுடன் சேரக் கூடாது. இம்மருந்து போதாதபோது ஹைட்ராக்சிகுளோரோகுயின், சல்ஃபாசலசீன் போன்றவற்றைச் சேர்ப்போம். அதற்கும் அடங்காதவர்களுக்கு உயிரியல் ஊசி மருந்துகள் இருக்கின்றன. அவற்றைத் தொடங்குமுன் மறைந்திருக்கும் காசநோய் உண்டா என்று பார்ப்பது கட்டாயம்.

ஸ்டீராய்டின் வரலாறு எச்சரிக்கை நிறைந்தது. 1948-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் ஃபிலிப் ஹென்ச் என்னும் மருத்துவர் கார்ட்டிசோனை முதன்முதலில் ஒரு முடக்குவாத நோயாளிக்குச் செலுத்தினார். படுக்கையில் கிடந்தவர் சில நாட்களில் நடந்தார். 1950-இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் அதிக அளவில் தொடர்ந்து கொடுத்தால் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும் என்பது விரைவிலேயே தெரிந்துவிட்டது. இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு. பெயரும் உள்ளடக்கமும் அச்சிடாத பொட்டலங்களில் மூட்டுவலிப் பொடி விற்கிறார்கள். அவற்றுள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. உண்ட இரண்டாம் நாளே வலி மாயமாகிவிட்டது, மாதம் செல்லச் செல்ல முகம் வட்டமாகிறது என்றால் ஐயப்படுங்கள். ஆனால் அத்தகைய பொடியைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. மருத்துவரிடம் காட்டிப் படிப்படியாகவே விட வேண்டும்.

இனி உணவு. இந்நோயை முற்றிலும் நீக்கும் உணவு எதுவும் இல்லை. இந்நோயைத் தோற்றுவித்த உணவு என்று சுட்டத்தக்கதும் இல்லை. கத்தரிக்காய், தக்காளி, புளி, எலுமிச்சை என்று ஒவ்வொன்றாக விலக்கி, இறுதியில் சோறும் மோருமாக மெலிந்து வருகிற தாய்மார்களைப் பார்க்கிறேன். அதற்கு அவசியமில்லை. ஈரல், குடல், ஆட்டிறைச்சி ஆகாது என்பது யூரிக் அமிலத்தால் வரும் கவுட் நோய்க்குச் சொன்ன பத்தியம். அதை இதற்கும் பொருத்திவிட்டார்கள். ஆயினும், வாரம் மூன்று விருந்து, மூன்றிலும் பிரியாணி என்பதை நான் ஆதரிக்க மாட்டேன். முடக்குவாதம் உள்ளவர்களுக்கு மாரடைப்பு அபாயம் மற்றவர்களைவிடக் கூடுதல். உடல் எடையும் முழங்காலின் மீதே இறங்கும். மத்தி, அயிலை போன்ற கொழுப்புள்ள மீன்களில் உள்ள ஒமேகா-3 வீக்கத்தை ஓரளவு தணிக்கும். வறுக்காமல் குழம்பு வைத்து உண்ணுங்கள். கீரை, பருப்பு, பழம், பால் ஆகியவை எலும்புக்கும் இரத்தத்திற்கும் வேண்டும். வீட்டிற்குள்ளேயே இருக்கும் பெண்மக்களுக்கு வைட்டமின் டி குறைவு மிகுதியாகக் காணப்படுகிறது. மொட்டைமாடியில் சற்றுநேர வெயிலும், தேவைப்பட்டால் மாத்திரையும் வேண்டும்.

கருஞ்சீரகத்தைப் பற்றி ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்கிறார்கள். சிறிய ஆய்வுகள் சில நடந்துள்ளன. அளவோடு உணவில் சேர்ப்பதை நான் தடுப்பதில்லை. மாத்திரையை விட்டுவிட்டு அதை உண்பதையே தடுக்கிறேன். ஹிஜாமாவுக்கும் இதுவே என் மறுமொழி. எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து உண்பவருக்குச் சுத்தமற்ற கத்தியால் கிருமி சேர்ந்தால் தாங்காது. இரத்தசோகை உள்ளவர் மருத்துவரைக் கேளாமல் செய்துகொள்ள வேண்டாம்.

பீடி, சிகரெட்டை மட்டும் சமரசமின்றிச் சொல்கிறேன். புகை இந்நோயை வரவழைக்கவும் செய்கிறது, வந்தபின் மருந்தின் பலனைக் குறைக்கவும் செய்கிறது. ஈறுநோய்க்கும் இந்நோய்க்கும் தொடர்பு இருப்பதையும் ஆய்வுகள் காட்டுகின்றன. மிஸ்வாக் பழக்கமுள்ள சமுதாயத்திற்குப் பல் தூய்மையைப் பற்றி நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

வீக்கம் மிகுந்த நாளில் மூட்டுக்கு ஓய்வு கொடுங்கள். மற்ற நாட்களில் அசைவு கொடுங்கள். காலையில் வெந்நீரில் கையை நனைத்து விரல்களை மெல்ல மடக்கி நீட்டுங்கள். குடத்தை விரலில் தூக்காமல் முன்கையால் அணையுங்கள். போர்வை பிழிவதையும் மாவு பிசைவதையும் வீட்டு ஆண்கள் ஏற்றுக்கொண்டால் ஒன்றும் குறைந்துவிடாது.

ரமலானைப் பற்றி: நோயாளிக்கு மார்க்கம் தந்துள்ள சலுகையை விளக்க வேண்டியவர்கள் ஹஜ்ரத் அவர்கள், உடலின் நிலையைச் சொல்வது மட்டுமே என் வேலை. நோய் அடங்கியிருப்பவர்களில் பலர் நோன்பு நோற்க முடிகிறது. வாராந்திர மாத்திரையை இரவு உணவிற்குப் பின் உண்ணலாம். ஸ்டீராய்டு உண்பவர் ஸஹர் உணவோடு உண்ணலாம். வலி மாத்திரையை வெறும் வயிற்றிலும், நீர் குறைந்த உடலிலும் உண்ணக் கூடாது. சிறுநீரகக் குறைவு உள்ளவர்களும் நோய் சீறியிருப்பவர்களும் ஷஃபான் மாதத்திலேயே மருத்துவரைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும். 1991-இல் வெளியான நார்வே நாட்டு ஆய்வு ஒன்றில், சில நாள் உண்ணாதிருந்தபோது வீக்கம் குறைந்தது. ஆனால் நோன்பே மருந்து, மாத்திரை வேண்டாம் என்று அதற்குப் பொருள் கொள்ளக் கூடாது.

மணமாகாத பெண்ணுக்கு இந்நோய் வந்தால் மறைத்துவிடுகிறார்கள்; மாத்திரையைப் பார்த்தால் சம்பந்தம் தட்டிப்போகும் என்று அதையும் நிறுத்திவிடுகிறார்கள். ஈராண்டில் விரல் கோணினால் எதை மறைக்க முடியும்? இது தொற்றுநோய் அன்று. நோயுள்ள தாயின் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இது வருவதில்லை. பிள்ளைப்பேற்றுக்கும் தடையில்லை. ஒன்றே ஒன்று: மெத்தோட்ரெக்சேட் கருவைச் சிதைக்கும். கருத்தரிக்க எண்ணுவதற்குச் சில மாதங்கள் முன்பே மருத்துவரிடம் சொல்லி, கருவுக்குத் தீங்கற்ற மருந்துக்கு மாறிக்கொள்ள வேண்டும். இதை மாமியார்களும் அறிந்திருப்பது நல்லது.

நிர்வாகக் குழுவினருக்கு இரண்டு வேண்டுகோள்கள். ஒளுச் செய்யும் இடத்தில் உயரமான இருக்கைகள் நான்கும், முழங்கையால் தள்ளித் திறக்கும் குழாய்களும், பஜ்ரு நேரத்தில் வெந்நீரும் அமைத்துக் கொடுங்கள். மணிக்கட்டு வீங்கியவருக்குக் குழாயைத் திருகுவதே பெரும்பாடு. நாற்காலியில் தொழுபவரை இளைஞர்கள் ஏளனமாகப் பார்க்க வேண்டாம். மணிக்கட்டை ஊன்றி ஸஜ்தா செய்வது அவருக்கு எத்தகைய வேதனை என்பது வெளியே தெரியாது. அடுத்து, பைத்துல் மாலிலிருந்து ஏழை நோயாளிகளுக்கு மாத்திரைக்கும் இரத்தப் பரிசோதனைக்கும் மாதந்தோறும் உதவ வழி செய்யுங்கள். மாத்திரை மலிவு, பரிசோதனைச் செலவுக்கு அஞ்சியே பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

கைகளைக் காட்ட விரும்புவோர் பழைய சீட்டுகளையும், இப்போது உண்ணும் மருந்துகள் அனைத்தையும், பெயர் தெரியாத பொடி இருந்தால் அதையும், ஒரே பையில் போட்டுக் கொண்டு வாருங்கள்.