கையொப்பத்திற்கும் பயிற்சிக்கும் இடையே

பம்பலப்பிட்டியில் காலி வீதியினின்று மேற்கே இறங்கும் ஒழுங்கை எதிலே நடந்தாலும் சில நிமிடங்களிற் புகைவண்டிப் பாதை குறுக்கிடும்; அதற்கப்பால் கடல். தெற்கே இரத்மலானை விமான நிலையம். வடக்கே, படையணிகள் நடைபோட்ட காலிமுகத்திடல். இவ்வூரில் வளரும் இளைஞன் ஒருவன் ஏதோவொரு காட்சியில் மனம் பறிகொடுத்து ஒரு படைக்குக் கையொப்பமிடுகிறான். பயிற்சிக்கு அழைப்பு வருமுன் அவன் மனம் வேறொரு படையை நாடுகிறது. அவன் செய்யத்தக்கது யாது?

இலங்கையின் முப்படைகளும் ஒரே வீட்டின் மூன்று அறைகள் அல்ல. தரைப்படைக்கு 1949ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம். விமானப்படைக்கு அதே ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டம். கடற்படைக்கு 1950ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டம். ஆதலால் இம்மாற்றம் கலைப் பிரிவிலிருந்து விஞ்ஞானப் பிரிவுக்கு மாறுவது போன்றதன்று. ஒரு பாடசாலையை விட்டு விலகி மற்றொன்றிற் புதிதாகச் சேர்வது போன்றது. முதற்படை அவனை விடுவித்தல் வேண்டும். இரண்டாவது படை அவனை மீண்டும் சோதித்துத் தேர்தல் வேண்டும்.

அமெரிக்காவிலே இந்த இடைக்காலத்திற்குத் தனி ஏற்பாடே உண்டு. இளைஞர் முதலில் ஓர் உறுதிமொழி எடுத்து மாதக்கணக்கிற் காத்திருப்பர். பயிற்சிக்குப் புறப்படும் நாளில் இரண்டாம் முறையும் உறுதிமொழி எடுப்பர். அதற்கு முன் விலக விரும்புவோர் எழுத்து மூலம் கேட்கலாம். அவ்விடுவிப்புக் கிடைத்த பின்னரே மற்றொரு படையிற் சேரலாம்.

மாறுவதற்கு இடமே இல்லாத காலமும் இருந்தது. 1943 டிசம்பரில் பிரித்தானியாவில் நிலக்கரி வெட்ட ஆள் போதாமற் போகவே, தொழில் அமைச்சர் ஏர்ணஸ்ட் பெவின் திருவுளச்சீட்டு முறையொன்றைக் கொணர்ந்தார். ஒற்றை இலக்கம் ஒன்று எடுக்கப்படும். படைக்கு அழைக்கப்பட்டோரில் எவருடைய பதிவெண் அவ்விலக்கத்தில் முடிந்ததோ அவர் சுரங்கத்திற்குச் செல்லல் வேண்டும். விமானமோட்டக் கனவு கண்டவனும் விளக்குடன் பாதாளத்தில் இறங்கினான். மறுத்தோர் சிலர் சிறை சென்றனர். அவர்களுக்கு வாய்க்காத தெரிவு நம் இளைஞனுக்கு உண்டு. ஆனால் அத்தெரிவில் ஓர் ஆபத்தும் உண்டு.

முதற்படையின் கதவைத் தானே சாத்திவிட்டு, இரண்டாவதன் வாசலில் உடற்தகுதியின்மையால் தடுக்கப்படுபவன் இரண்டையும் இழப்பான். இந்தியாவில் விமானிக்குரிய தகுதிச் சோதனையில் ஒருமுறை தவறியவர் அதே சோதனைக்கு மீண்டும் தோற்ற முடியாது. ஆசை பலமாயிருப்பினும் கண்கள் இசைய வேண்டுமே! கப்பலின் இடப்புறத்தில் சிவப்பு விளக்கும் வலப்புறத்திற் பச்சை விளக்கும் எரியும். இருளில் எதிரே வரும் கப்பல் எப்பக்கம் திரும்புகிறதென்பதை அவ்விரு நிறங்களே உணர்த்தும். அவற்றைப் பிரித்தறிய முடியாத கண் தன்னுடையதென்பதைப் பரிசோதனை மேசையிலேயே முதன்முதலாக அறிபவர் பலர். அதுவரை வீட்டாரும் அறியார்; ஆசிரியரும் கவனித்திரார்.

இதைப் பயிற்சி தொடங்குமுன்னரே அறிந்துகொள்வது நன்று. பயிற்சி தொடங்கியபின் அவனுக்காகச் செலவிட்ட பணமும் ஒதுக்கிய இடமும் கணக்கில் வரும். விடுவிப்பும் எளிதிற் கிட்டாது. ஆகவே விலகல் வேண்டிக் கடிதம் எழுத உட்காருமுன் அவன் போகவேண்டிய இடம் கண் வைத்தியரின் வீடு. அங்கே நல்ல செய்தி கிடைத்தால், இரண்டாவது படையின் விண்ணப்பப் பத்திரத்தில் முதற் கையொப்பத்தை மறையாமல் எழுதிவிடட்டும்.