தோல் என்னும் கூரை



நெகிரி செம்பிலான் தோட்டங்களில் உழைக்கும் நம் கைகளில் கத்திக் கீறலோ முட்கீறலோ இல்லாத நாள் அரிது. சிறு கீறல்தானே என்று நாம் அதனைப் பொருட்படுத்துவதில்லை.

நமது தோலின் மேற்படலம் அத்தாப்புக் கூரை போன்றது. இறந்த உயிரணுக்கள் ஓலைகளைப் போல் அடுக்கடுக்காய் அமைந்துள்ளன. இடைவெளிகளைக் கொழுப்பு அடைத்து நிற்கிறது. தாளினும் மெல்லிய இக்கூரையில் ஓர் ஓலை பிய்ந்தாலும் ஒழுக்குத்தான்!

பாராகுவாட் களைக்கொல்லியை எண்ணிப் பாருங்கள். நலமான தோல் வழியே அது மிகக் குறைவாகவே உட்புகும். புண்பட்ட தோலிலோ மிகுதியாகப் புகுந்து நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். நம் நாட்டில் 2002இல் அறிவிக்கப்பட்ட தடை 2006இல் நீக்கப்பட்டது; 2020 ஜனவரி 1 முதல் அந்நஞ்சு முற்றாகத் தடை செய்யப்பட்டது. ஆயினும் வேறு களைக்கொல்லிகளும், பாலை உறையவைக்கும் பார்மிக் அமிலமும் நம்மிடையே உள்ளனவே!

ஆகவே, கீறலைக் கழுவி, நீர்புகாதபடி கட்டுப்போடுவோம். மருந்து பட்ட இடத்தை உடனே நிறைய நீரால் கழுவுவோம். கறை போக்க மண்ணெண்ணெயால் கைகழுவுவதைக் கைவிடுவோம். அது தோலின் கொழுப்பையே கரைத்துவிடும்.

கையில் புண் இருக்கும் நாளில் மருந்து கலக்கவோ அடிக்கவோ வேண்டாம். ஒருநாள் கூலிக்கு அஞ்சிப் புண்ணை மறைக்காமல், மண்டோரிடம் கூறி வேறு வேலை கேட்போம். கூலியை நாளையும் ஈட்டலாம். கெட்ட நுரையீரலை மீட்பது அரிது.