பழைய காணொளிகளைக் காக்கும் கடமை

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



கணினித் துறையில் பணியாற்றும் நான் நம்மவர்க்குப் பயன்படும் செய்தி ஒன்றைக் கூற வேண்டும் என்று பொறுப்பாளர்கள் பணித்தார்கள். ஆகவே, நம் வீட்டு அலமாரிகளில் ஓசையின்றி அழிந்துகொண்டிருக்கும் ஒரு செல்வத்தைப் பற்றிப் பேச விழைகின்றேன். பழைய காணொளிக் கோப்புகளே அச்செல்வம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் என் உறவினர் ஒருவர் மூன்று குறுந்தகடுகளுடன் என் இல்லத்திற்கு வந்தார். அவருடைய தந்தையார் சீவக சிந்தாமணிச் செய்யுள்களைத் தாம் இளமையில் கேட்டுப் பழகிய இராகத்தில் ஓதிய பதிவுகள் அவற்றில் இருந்தன. தந்தையார் மறைந்துவிட்டார். அவ்விராகத்தை முழுமையாக அறிந்தவர் அக்குடும்பத்தில் இன்று எவரும் இலர். கணினியில் அக்கோப்புகள் திறக்கவில்லை. கடைக்காரர் ஒருவரிடம் கேட்டபோது, "இவை ஃபிளாஷ் கோப்புகள், ஃபிளாஷ் முடிந்துபோயிற்று, இனி இவற்றால் பயனில்லை" என்று கூறிவிட்டாராம். "அப்பாவின் குரல் போயே போய்விட்டதா, தம்பி?" என்று அவர் கேட்ட கேள்வியே இவ்வுரைக்கு வித்து.

கடைக்காரர் கூறியதில் பாதி உண்மை உண்டு. 2002-இல் வெளிவந்த ஃபிளாஷ் ப்ளேயர் 6 காணொளியையும் இயக்கத் தொடங்கியது. 2005-இல் தோன்றிய யூடியூப் அதனைக் கொண்டே உலகெங்கும் பரவியது. இணையத்தில் காணொளி என்றாலே எஃப்எல்வி கோப்பு என்றிருந்த காலம் அது. ஆனால் 2007-இல் வந்த ஐபோன் ஃபிளாஷை ஏற்கவில்லை. பின்னர் எச்டிஎம்எல்5 என்னும் நெறி வந்து, துணை மென்பொருள் எதுவுமின்றி உலாவியே காணொளியை இயக்கலாயிற்று. ஃபிளாஷ் ப்ளேயரை ஆதரிப்பதை அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31-இல் நிறுத்தியது. 2021 ஜனவரி 12 முதல் அது இயங்காதபடியும் தடுத்துவிட்டது.

ஆயினும், முடிந்துபோனது உலாவிக்குள் இயங்கிய மென்பொருளே, கோப்பு அன்று. வீஎல்சி போன்ற இலவச மென்பொருள்கள் இன்றும் எஃப்எல்வி கோப்புகளைத் திறக்கின்றன. பூட்டிய பெட்டியின் சாவி ஒன்று தொலைந்தமைக்காக எவரேனும் பெட்டியையே ஆற்றில் விடுவரோ?

அடுத்து, அக்கோப்புகளை இன்றைய வடிவிற்கு மாற்றுவது எவ்வாறு? இதற்கு ஓர் அடிப்படையை உணர்தல் வேண்டும். ஓலைச் சுவடியை இரு மரச்சட்டங்களுக்கிடையே வைத்துக் கயிற்றால் கட்டுவர். சட்டம் உளுத்துப்போனால் சட்டத்தை மட்டும் மாற்றுவோம், ஏட்டைத் தொடமாட்டோம். ஏட்டிலுள்ளது இன்று பெரும்பாலோர் படிக்கவியலாத வட்டெழுத்தாயின், அதனை இன்றைய எழுத்தில் பெயர்த்தெழுதுவோம். காணொளியும் அத்தகையதே. எஃப்எல்வி, எம்பி4, வெப்எம் என்பன சட்டங்கள். அவற்றுள் காட்சி எழுதப்பட்டிருக்கும் எழுத்துமுறையைக் கோடெக் என்பர். எஃப்எல்வி கோப்புகளில் தொடக்கத்தில் சோரன்சன் ஸ்பார்க்கும், 2005 முதல் விபி6-உம், 2007 இறுதியிலிருந்து எச்.264-உம் வழங்கின. இவற்றுள் எச்.264 இன்றும் அனைத்து உலாவிகளிலும் இயங்கும் எழுத்து.

உறவினரின் முதல் தகடு 2009-ஆம் ஆண்டினது. திறந்து நோக்கினேன், உள்ளே எச்.264 காட்சியும் ஏஏசி ஒலியும் இருந்தன. சட்டத்தை மட்டும் எம்பி4 ஆக மாற்றினேன். சில நொடிகளில் பணி முடிந்தது. ஓர் அணுவும் குறையவில்லை. அந்தக் குரல் அறையில் ஒலித்தபோது அவர் எழுந்து நின்றுவிட்டார்.

இரண்டாம் தகட்டில் சோரன்சன் முறையில் அமைந்த சிறிய படம் இருந்தது. அதனை எச்.264-க்குப் பெயர்த்தெழுத வேண்டியதாயிற்று. அவ்வாறு எழுதும்போதெல்லாம் சிறிது நுட்பம் இழக்கப்படும். எனினும் கவனமாகச் செய்தமையால் கண்ணுக்கும் செவிக்கும் குறை தெரியவில்லை.

மூன்றாம் தகடே என்னை வருத்தியது. யாரோ ஒருவர் பழைய கைபேசியில் பார்ப்பதற்காக அப்பதிவை மிகச் சிறிய கோப்பாக மாற்றித் தகட்டில் இட்டு, மூலத்தை அழித்துவிட்டிருந்தார். நல்லெண்ணத்துடன் செய்த செயல்தான். ஆனால் குரலின் கமகங்கள் மழுங்கிவிட்டன. மெய்யெழுத்துகள் ஒன்றோடொன்று கரைந்துவிட்டன. எந்த மென்பொருளாலும் அவற்றை இனி மீட்க இயலாது. காலத்தால் அழியாத ஒன்று, காக்க முனைந்த கையாலேயே அழிந்தது.

ஆகவே, இப்பணியில் இறங்குவோர் கைக்கொள்ள வேண்டிய நெறிகள் சிலவற்றைக் கூறுகின்றேன்.

முதலாவது, எதனையும் மாற்றுமுன் தகட்டிலுள்ள கோப்புகளை இரண்டு வன்தட்டுகளில் அப்படியே படியெடுத்துக் கொள்க. குறுந்தகடுகள் நாளடைவில் பழுதுபடும்.

இரண்டாவது, கோப்பின் உள்ளே இருப்பது யாதென அறிக. மீடியாஇன்ஃபோ என்னும் இலவச மென்பொருள் அதனைக் காட்டும். எஸ்டபிள்யூஎஃப் என முடியும் கோப்புகள் வேறு வகையின. அவற்றுள் பல காணொளி அல்ல, இயங்கு நிரல்கள். அவற்றை ரஃபிள் என்னும் மென்பொருளில் இயக்கிக் காணலாம்.

மூன்றாவது, உள்ளே எச்.264 இருப்பின் சட்டத்தை மட்டும் மாற்றுக. எஃப்எஃப்எம்பெக் என்னும் இலவச மென்பொருள், பெயர்த்தெழுதாமல் அப்படியே எடுத்து வைக்கும் கட்டளையை உடையது.

நான்காவது, பெயர்த்தெழுதியே தீரவேண்டுமாயின் மிகப் பழைய மூலத்திலிருந்து ஒரே ஒருமுறை செய்க. கட்டளை எழுதப் பழகாதோர் ஹேண்ட்பிரேக் மென்பொருளைப் பயன்படுத்தலாம். அதில் தரத்தைக் குறிக்கும் எண்ணை 18 முதல் 20 வரை வைக்க. எண் சிறிதாயின் தரம் மிகுதி. சிறிய படத்தைப் பெரிதாக்க வேண்டாம். இல்லாத நுட்பம் அதனால் தோன்றாது. இணையத்தில் இடுவதாயின், வலைக்கு ஏற்றதாக்கும் தெரிவைக் குறித்துக்கொள்க. கோப்பின் அட்டவணை முன்பகுதிக்கு வந்து, முழுவதும் இறங்குமுன்னரே காட்சி தொடங்கும்.

கூகுள் 2010-இல் அறிமுகப்படுத்திய வெப்எம் வடிவம் உரிமைக் கட்டணமின்றி எவரும் பயன்படுத்தத்தக்கது. எனினும் பழைய கைபேசி வைத்திருக்கும் நம் முதியோரும் காணவேண்டுமாயின், எச்.264 உள்ள எம்பி4 வடிவமே இன்று ஏற்றது.

ஐந்தாவது, மாற்றிய கோப்பை முதலிலிருந்து இறுதிவரை ஒருமுறை பாருங்கள். வாயசைவும் ஒலியும் பொருந்துகின்றனவா, இறுதிப் பகுதி விடுபட்டுள்ளதா என்று நோக்குங்கள்.

ஆறாவது, இதுவே தலையாயது: மூலத்தை அழிக்காதீர்கள். யூடியூபில் ஏற்றிவிட்டோம், போதும் என்றும் எண்ணாதீர்கள். அங்கு ஏற்றப்படுவதெல்லாம் மீண்டும் பெயர்த்தெழுதப்படுகின்றது. மூலம் நம்மிடம் இருப்பின், நாளை இதனினும் சிறந்த வடிவம் வரும்போது மீண்டும் தொடங்கலாம்.

அன்பர்களே, சிந்தாமணியை உ.வே. சாமிநாதையர் 1887-இல் பதிப்பித்ததையும், குடந்தையில் வாழ்ந்த சைனப் பெரியோர் அவருக்கு அந்நூலின் பொருளை விளக்கியுதவியதையும் நாம் அறிவோம். ஒரே சுவடியை நம்பி அவர் அச்சிடவில்லை. பல சுவடிகளைத் தேடி ஒப்புநோக்கினார். படியெடுப்போர் தலைமுறைதோறும் எழுதிக் காத்ததனாலேயே அச்சுவடிகள் அவர் கைக்கு எட்டின. அவர்களுக்கு எழுத்தாணி வாய்த்தது. நமக்குக் கணினி வாய்த்துள்ளது.

இங்குள்ள இளைஞர்களிடம் ஒரு விண்ணப்பம். விழா முடிந்து ஊர் திரும்பியதும், வீட்டிலுள்ள பெரியோரிடம் பழைய தகடுகளைக் கேட்டு வாங்குங்கள். அவற்றில் இருப்பவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்பதை அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக் கோப்பின் பெயரிலேயே சேர்த்து வையுங்கள். கோப்பைப் பிறகும் மாற்றலாம். அதில் இருப்பவரை அடையாளம் காட்டுவோர் என்றும் நம்முடன் இருப்பதில்லை.

உறவினரின் மூன்று பதிவுகளுள் இரண்டு பிழைத்தன. அவருடைய பேத்தி இப்போது முதல் தகட்டைக் கேட்டு அந்த இராகத்தைப் பழகி வருகின்றாள்.