பெயரில்லாக் கல் வேண்டா
(கிராம வாசிகசாலையொன்றின் ஆண்டுக் கூட்டத்திற் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



போரில் மாண்ட இவ்வூர்ப் பிள்ளைகளுக்குச் சந்தியிலே ஒரு கல் நாட்ட உங்கள் சபை எண்ணியிருப்பதறிந்து மகிழ்ந்தேன். ஆனால், பெயர்களைப் பொறித்தால் வில்லங்கம் வரும், "இவ்வூரவர் இத்தனை பேர்" என்று தொகையை மட்டும் பொறித்தாற் போதும் என்று சிலர் கூறினராம். அதனை மறுத்துரைக்கவே வந்தேன்.

கல் நாட்டும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பியர் புறத்திணையியலிலே அதன் முறையை வகுத்துரைத்துள்ளார். 2006 ஆம் ஆண்டிலே தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையிற் கண்டெடுக்கப்பட்ட நடுகல்லொன்று, கூடலூரில் ஆநிரை கவர்ந்த பூசலில் மாண்ட தீயன் அந்தவன் என்பானைக் குறிக்கின்றது. அவன் எந்த மன்னனுக்காகப் போரிட்டான் என்பதை அக்கல் கூறவில்லை. அவன் பெயரைக் கூறுகின்றது. ஈராயிரம் ஆண்டு கழிந்தும் நாம் அவனை அறிகின்றோம்.

இனி, 1914 இல் மூண்ட மகாயுத்தத்தை நோக்குங்கள். மாண்டோர் உடலைத் தாய்நாட்டுக்குக் கொணர்தலைப் பிரித்தானியர் 1915 இல் தடுத்தனர். செல்வர் மகனின் உடல் மட்டும் கப்பலேறி வர, ஏழை மகன் அயல்மண்ணிற் கிடத்தல் நீதியன்று என்பது அதற்கொரு காரணம். 1917 இல் அமைந்த ஏகாதிபத்தியப் போர்க் கல்லறை ஆணைக்குழுவும் அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒரேயளவான கல்லையே நாட்டியது. கல்லறை கடலுக்கப்பாற் கிடந்தமையால், இங்கிலாந்தின் சிற்றூர்களிலே மக்கள் காசு சேர்த்துத் தேவாலய முன்றிலிலும் சந்தியிலும் கற்களை எழுப்பினர். அவற்றிலே பெயர்கள்! பல ஊர்களிற் பதவி வேற்றுமையும் பாராது அகரவரிசையிற் பொறித்தனர்.

அதே யுத்தத்துக்கு இந்தியக் கிராமத்தவரும் சென்றனர். அக்கிராமங்கள் பலவற்றிற் பதிக்கப்பட்ட கற்கள் கூறுவதென்ன? இவ்வூரிலிருந்து இத்தனை பேர் போயினர், இத்தனை பேர் உயிர் கொடுத்தனர். அவ்வளவே. இது என்ன, மாட்டுச் சந்தைக் கணக்கா? பஸ்ராவிலுள்ள நினைவுச் சின்னத்திலும் இந்தியச் சாதாரணச் சிப்பாய் தன் படைப்பிரிவின் கீழ் ஓர் எண்ணாகவே ஒடுங்கினான். அந்த ஆணைக்குழுவின் வழிவந்த பொதுநலவாய ஆணைக்குழு, குறைந்தது 116,000 பேர் பெயரின்றியோ நினைவே இன்றியோ விடப்பட்டனர் என 2021 ஏப்ரிலில் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. அவருட் பெரும்பாலோர் ஆபிரிக்கரும் எகிப்தியரும். நூறாண்டு கடந்த மன்னிப்பு!

நம் நாட்டுக்கு வருவோம். தெற்கே, போரில் மாண்ட சிப்பாயின் பெயரால் அவன் குடும்பத்தார் கட்டிய பஸ் தரிப்பிடங்களைச் சிங்களக் கிராமங்களிற் கண்டிருப்பீர்கள். மழைக்கு ஒதுங்குபவன் அப்பெயரைப் படிக்கின்றான். நானும் ஒதுங்கிப் படித்திருக்கின்றேன், அதனைக் குறைகூறேன். வடக்கிலோ, கோப்பாய்த் துயிலுமில்லம் ஒருமுறை சிதைக்கப்பட்டு, 2002 ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின் பின் புதுக்கப்பட்டு, போர் முடிந்தபின் மீண்டும் இடிக்கப்பட்டது. அந்நிலத்திலே 2011 இல் இராணுவத் தலைமையகம் திறக்கப்பட்டது. ஆதலின், அஞ்சுவோரின் அச்சம் பொய்யன்று.

ஆயினும், ஓர் இயக்கத்தைப் போற்றுவது வேறு. பெற்ற மகனுக்கு அழுவது வேறு. தாமாகப் போனவரும் உளர், வலிந்து இழுத்துச் செல்லப்பட்ட சிறுவரும் உளர். அவ்வியக்கத்தின் துப்பாக்கிக்கே இரையான தமிழரும் உளர். இவற்றை மறைத்து நாட்டப்படும் கல் பொய்க்கல்லாகும். எவரையும் வீரரென்றோ துரோகியென்றோ எழுதவேண்டா. பெயர், தந்தை தாய் பெயர், பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு: இவை போதும். அகரவரிசையில் எழுதுங்கள், சாதியும் பதவியும் புகா.

கல்லுக்கு அனுமதி கிடைக்க நாட்செல்லலாம். வழக்காடவேண்டின் நான் கட்டணமின்றி வருவேன். ஆனால் அதுவரை காத்திருத்தலாகாது. விவரமறிந்த முதியோர் ஒவ்வொருவராய்ப் போய்க்கொண்டிருக்கின்றனர். காரியதரிசியின் மேசைமேல் ஒரு கொப்பி இருக்கின்றது. வீடு திரும்புமுன் உங்கள் வீட்டுப் பெயரை எழுதுங்கள். எழுத இயலாதோர் சொல்ல, மாணவர் எழுதட்டும். சொன்னவர் கையொப்பமும் இரு சாட்சிகளின் கையொப்பமும் கீழே இருத்தல் வேண்டும், கைந்நாட்டும் செல்லும்.