வெளிச்சத்துக்கும் ஒரு சேமிப்புக் கணக்கு

(திருவண்ணாமலையில் நடந்த கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் களப் பொறுப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



கார்த்திகை தீபத்தைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2,668 அடி உயர உச்சியில் 11 நாள் எரியுது. எப்படி? ஆயிரக்கணக்கான கிலோ நெய்யை முன்கூட்டியே சேர்த்து, மேலே சுமந்துகிட்டுப் போறாங்க. தீபம் ஏத்துறது ஒரு நிமிஷ வேலை. நெய் சேர்க்கிறதும், அணையாம பார்த்துக்கிறதும்தான் பெரிய வேலை.

சூரிய மின்சாரமும் அப்படித்தான். சோலார் தகடு பகலில் கரண்ட் தரும். நமக்கு விளக்கு வேண்டியது ராத்திரியில். ஆகவே சேமித்து வைக்க வேண்டும்.

இப்போது ஹைட்ரஜன் என்று செய்தியில் கேட்கிறோம். "அது என்னம்மா?" என்று போன கூட்டத்தில் ஓர் அக்கா கேட்டார். மிச்சமாகும் சூரிய மின்சாரத்தைத் தண்ணீரில் செலுத்தினால், தண்ணீர் ஹைட்ரஜன், ஆக்சிஜன் என இரண்டு வாயுவாகப் பிரியும். ஹைட்ரஜனைத் தொட்டியில் அடைத்து, மாதக்கணக்கில்கூட வைக்கலாம். வேண்டும்போது 'எரிபொருள் கலம்' என்ற கருவியில் விட்டால், காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கரண்டும் தண்ணீரும் தரும். புகை கிடையாது. லடாக்கில் சுஷுல் என்ற இடத்தில், ராணுவத்தின் டீசல் ஜெனரேட்டருக்குப் பதிலாக இப்படி ஒரு நிலையம் அமைக்கும் வேலையை என்.டி.பி.சி. 2024-ல் தொடங்கியது.

ஆனால் ஒன்றைக் கவனிக்கணும். 100 யூனிட்டை இப்படிச் சேமித்தால் சுமார் 30, 40 யூனிட்தான் திரும்பக் கிடைக்கும். பேட்டரியில் 80-க்கு மேல் கிடைக்கும். ஹைட்ரஜனுக்குச் செலவும் அதிகம், எளிதில் தீப்பிடிக்கும் வாயு என்பதால் பயிற்சி பெற்ற ஆளும் வேண்டும். ஆகவே ஜவ்வாது மலைச் சிற்றூர்களுக்கு இன்றைக்குக் கைக்கு எட்டுவது சோலாரும் பேட்டரியும்தான்.

அந்த பேட்டரியைப் பார்த்துக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும்? பீகார் மாநிலம் தர்ணை கிராமத்தில் 2014-ல் கிரீன்பீஸ் அமைப்பு 100 கிலோவாட் சோலார் நிலையம் அமைத்தது. நாடே பேசியது. சில ஆண்டுகளில் பேட்டரிகள் பழுதாயின, மாற்றவில்லை. மின்வாரிய கரண்டும் வந்துவிட்டது. கடைசியில் அந்தக் கட்டடத்தில் மாடு கட்டினார்கள்.

தர்ணை வரை போவானேன்? நாம் முன்நின்று ஒரு மலைச் சிற்றூரில் சோலார் தெருவிளக்கு வைத்தோம். கோலம் போட்டோம், போட்டோ எடுத்தோம். மூணு வருஷத்தில் பேட்டரி போச்சு. மாற்ற ஒரு ரூபாய்கூட எடுத்து வைக்கவில்லை. தீர்மானப் புத்தகத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. இருட்டில் தண்ணீருக்குப் போன ஒரு தங்கை, "விளக்கு வெச்சீங்களே, அணைஞ்சா யாரைக் கேக்கணும்னு சொல்லலியே" என்றாள். அது நம்ம தவறுதான்.

மாதச் சந்தா போடுவதும், கணக்கு எழுதுவதும், கடனைத் திருப்புவதும் நமக்குப் புதுசா? அதே பழக்கத்தை விளக்குக்கும் கொண்டுவருவோம். இனி எந்த ஊரில் சோலார் வந்தாலும் மூன்று தீர்மானம் போடுவோம்:

1. வீட்டுக்கு இவ்வளவு என்று மாதாமாதம் 'பேட்டரி நிதி' சேர்ப்பது, தனிக் கணக்கில் வைப்பது.
2. குழுவில் இரண்டு பெண்களுக்குப் பராமரிப்புப் பயிற்சி தருவது.
3. மாதக் கூட்டத்தில் விளக்குகளின் நிலையைக் கேட்டு எழுதுவது.

"படிக்காத நாங்க எப்படிம்மா?" என்று தயங்க வேண்டாம். ராஜஸ்தானில் திலோனியா ஊரில் உள்ள வெறுங்கால் கல்லூரியில் எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகள்கூட சுமார் ஆறு மாதத்தில் சோலார் விளக்கு இணைக்கவும் பழுது பார்க்கவும் கற்றிருக்கிறார்கள். ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் பெண்கள் வந்து கற்றுப் போயிருக்கிறார்கள்.

நாளைக்கு ஹைட்ரஜனே வந்தாலும் அதைப் பார்த்துக்கொள்ள ஆளும் நிதியும் வேண்டும். அதை இன்றே தொடங்குவோம். அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொரு குழுவும் இரண்டு பெயரோடு வாருங்கள்.